காப்புக் கட்டிய கையோடு

என் மகளின் கை சில்லென்று ஆகிப்போன அந்தப் பங்குனி மத்தியானத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஆத்தாளை நம்பிக் கும்பிடுகிற உங்கள் காதில் இதைப் போட்டுவிட வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தனம். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முல்லையும் கனகாம்பரமும் போட்டிருக்கிறோம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். இங்கே நானும், ஆறாவது படிக்கிற என் மகள் அபியும், அவருடைய அண்ணன் குடும்பமும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணன் மனைவி பழனியம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் எதையும் முடிவு செய்வது அக்கா. அதற்கு எதிர்க் கேள்வி கேட்பது நான். சண்டையும் சிரிப்புமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டிப் போய் ராத் தங்கக் கூடாது. பகலில் பூ மார்க்கெட்டுக்குப் போகலாம். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அந்த வருஷம் நான் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டதால், மஞ்சள் கயிற்றுக் காப்பு மணிக்கட்டில் ஏறியிருந்தது. வீட்டுச் சாமி அறையில் நிறைகுடம் வைத்து, வேப்பிலை செருகி, விளக்கேற்றி வைத்திருந்தோம். அந்தக் குடத்தையும் திருவிழா முடியும்வரை அசைக்கக் கூடாது.

காப்புக் கட்டி ஒரு வாரம் இருக்கும், அபி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். முட்டியெல்லாம் யாரோ அடித்த மாதிரி இருக்கிறது என்று அழுதாள். மெடிக்கல் கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், நிலவேம்புக் கஷாயமும் கொடுத்தோம். இறங்கும், மறுபடி ஏறும். நான் பூ எடுக்கப் போகாமல் அவள் பக்கத்திலேயே கிடந்தேன். காய்ச்சலை இறக்கிக் கொடு தாயே, வேறொன்றும் கேட்க மாட்டேன் என்று வேண்டினேன்.

நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அழுதேன். கூடவே அவள் மார்பிலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள் கிளம்பியிருந்தன. அக்கா வந்து பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா எறங்கியிருக்கா. இனிமே ஆஸ்பத்திரின்னு ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது."

அம்மை போட்டிருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பினோம். நிலைவாசலில் வேப்பிலை கட்டினோம். அவள் படுக்கையிலும் பரப்பினோம். அம்மை கண்ட வீட்டிலிருந்து பிள்ளையை வெளியே தூக்கிப் போவது ஆத்தாளை அவமதிக்கிற காரியம். எங்கள் பக்கம் இது உங்களுக்குத் தெரியாததில்லை. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டதே.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரர் வீடியோ காலில் கூப்பிட்டார். காய்ச்சல் விட்ட சந்தோஷத்தைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. பிள்ளையைக் காட்டு என்றார். காட்டினேன். வயிறு வலிக்கிறதா என்று அவளைக் கேட்டார். ஆமாம் என்று முனகினாள். காலையிலிருந்து எத்தனை தடவை வாந்தி, ஒன்றுக்குப் போனாளா, ஈறில் ரத்தம் இருக்கிறதா என்று என்னைத் துளைத்தெடுத்தார். இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். விடிந்ததிலிருந்து ஒன்றுக்குப் போகவேயில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தனம், காய்ச்சல் விட்டுருச்சேன்னு உக்காந்துறாத. நான் கீழ விழுந்ததும் காய்ச்சல் விட்ட அன்னிக்குத்தான். இது டெங்கு மாதிரி இருக்கு. இப்பவே கெளம்பு."

போன வருஷம் அவருக்கு அங்கே டெங்கு வந்தது. அவரோடு தங்கியிருந்த பங்களாதேஷ்காரர் ஒருவருக்கும் வந்தது. அந்த ஆளின் ஊரிலும் மழைக்காலம் வந்தால் தெருத் தெருவாகப் படுத்துவிடுவார்களாம். அவ்வளவு சுத்தமான சிங்கப்பூரிலேயே ஆள் வந்து பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று அவர் சொன்னபோது நான் சிரித்திருக்கிறேன். வெயிலும் தேங்கின தண்ணீரும் இருக்கிற ஊரெல்லாம் டெங்குக் கொசுவுக்குச் சொந்த ஊர்தான்.

அபியின் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, பிள்ளையின் கை மட்டும் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடக்கிறது. அபி, அபி என்று உலுக்கினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

கிளம்புகிறேன் என்றேன். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அம்மை கண்ட பிள்ளை, கையில் காப்பு, புதுக்கோட்டைக்குப் போனால் ராத் தங்காமல் விடமாட்டார்கள், தெய்வக் குற்றம் பிள்ளை தலையில்தான் விடியும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் பிள்ளைக்காகத்தான் பயந்தார். நானும் பயந்தேன். ஆனால் எனக்கு அந்தக் குளிர்ந்த கைதான் பெரிய பயம். "வழிய விடுங்கக்கா" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே திக்கென்றது. அவர் ஒதுங்கிக்கொண்டார்.

ஆட்டோவில் ஏறினோம். கோயில் எங்கள் ஊர் எல்லையிலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பூப் போட்டுப் பார்த்து உத்தரவு கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. உத்தரவு கேட்கவும் இல்லை. தாயிடம் பேசுகிற மாதிரிதான் பேசினேன்.

"இது நீதான்னா எங்ககூட ஆஸ்பத்திரிக்கு வா. நீ இல்லேன்னா எம்புள்ளய விட்டு அத வெரட்டு. குத்தம்னா எம்மேல வையி. நான் தாண்டுறேன் ஆத்தா."

தாண்டினேன். ஆட்டோக்காரத் தம்பியும் காப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். "நான் தங்க மாட்டேன்க்கா, எறக்கி விட்டுட்டு இருட்டுறதுக்குள்ள வந்துருவேன்" என்று வழியெல்லாம் எனக்கு இல்லை, சாமிக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஓட்டின வேகம் மட்டும் குறையவில்லை.

புதுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே படுக்க வைத்துவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். டெங்கு என்றார் டாக்டரம்மா. காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் ரத்தத்தில் இருக்கிற நீர் குழாயை விட்டுக் கசியும், ரத்தம் கெட்டியாகும், பிரஷர் இறங்கும் என்று விளக்கினார். அந்தப் பொட்டுகளும் அம்மை இல்லை, டெங்குவால் வந்தவை. உடனே டிரிப்ஸ் ஏற வேண்டும். ஆனால் நரம்பு கிடைக்கவில்லை. வற்றிப்போய் உள்ளே ஓடிவிட்டது. ஒரு நர்ஸ் குத்திப் பார்த்தார். இன்னொருவர் குத்திப் பார்த்தார். அபி அழக்கூட இல்லை. அவள் அழாததுதான் என்னைக் கொன்றது.

அப்போது மூன்றாவதாக ஒரு நர்ஸ் வந்தார். சின்ன வயசு. அபியின் கையைத் தட்டித் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டார். டிரிப்ஸ் சொட்டத் தொடங்கியது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். கையுறை முடிகிற இடத்துக்கு மேலே மஞ்சள் கயிறு. நடுவில் மஞ்சள் கிழங்கு. காப்பு.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எந்த ஊர்க் காப்பு என்று கேட்டேன். அன்னவாசல் பக்கம் என்றார். என் மணிக்கட்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். ராத் தங்கக் கூடாதே, எப்படி வந்தீர்கள் என்றேன்.

"டூட்டிக்கா. ஆத்தாகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். புள்ளைங்களப் பாக்கத்தானே போறேன், அவ வேணாம்பாளா?"

நான் அவர் காலில் விழப் போனேன். பதறிப்போய்த் தூக்கிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கூட வா என்று நான் ஆத்தாளைக் கூப்பிட்டேன், அவள் எனக்கு முன்னாலேயே போய் அங்கே நின்றாள். நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், நான் கண்ணால் கண்டது இது.

மறுநாள் பகலில் அபி ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாள். அதற்காகக் கையெடுத்துக் கும்பிட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்புறம் இட்லி கேட்டாள். அதற்கப்புறம் போன் கேட்டாள். சரி, பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஊர் திரும்பியபோது திருவிழா முடிந்திருந்தது. பால்குடம் எடுக்காத குறை மனதில் முள்ளாகக் குத்தியது. வாசலில் ஆரத்தியோடு நின்ற அக்காவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். "நான் எடுத்துட்டேன்டி" என்றார். நான் போன அன்றைக்கே பூசாரியிடம் போய், என் நேர்த்திக்கடனைத் தன் பேருக்கு மாற்றிக் காப்புக் கட்டிக்கொண்டாராம். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

பிறகு நிறைகுடத்தை எடுக்கச் சாமி அறைக்குப் போனோம். வேப்பிலையை விலக்கின அக்கா அப்படியே நின்றுவிட்டார். தண்ணீருக்குள் கொசுப்புழு துள்ளிக்கொண்டிருந்தது. அது சாக்கடையில் வளரவில்லை. நல்ல தண்ணீரில், விளக்குக்கு முன்னால், நாங்கள் கும்பிட்ட குடத்தில் வளர்ந்திருக்கிறது. பின்கட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம்மிலும் அதே துள்ளல். அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வெயில் காய்கிற மண்ணில் கவிழ்த்தார். டிரம்மை நான் உருட்டினேன்.

ஒரு தடவை வந்தவருக்கு மறுதடவை வேறு வகை டெங்கு வந்தால் இன்னும் கடுமையாக இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். என் பிள்ளைக்கு ஒரு தடவை வந்துவிட்டது. இனி விடுவேனா? வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறது நமக்குப் பழக்கம்தானே. அன்றைக்கே குடம், டிரம், பூக்கூடை நனைக்கிற தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்து மூடுகிறோம். நிறைகுடத்துத் தண்ணீரை இப்போது தினமும் மாற்றுகிறோம். பூசாரியே சரி என்றுவிட்டார். தெருவில் சில பேர் கேலி செய்தார்கள். நானும் அக்காவும் விடாமல் வீடு வீடாகப் போய் நின்றோம். இரண்டு வாய் சேர்ந்தால் எந்தத் தெரு தாங்கும்? இப்போது எங்கள் தெருவே வெள்ளிக்கிழமை டிரம் உருட்டுகிறது.

இந்தப் பங்குனியில் காப்புக் கட்டுகிற அன்றைக்கு, பூசாரி கயிற்றை எடுக்கும்போது அக்கா எல்லார் முன்னாலும் கேட்டார்: "நோயாளிக்கும் கூடப் போறவுகளுக்கும் எல்லை கெடையாதுன்னு சொல்லிட்டுக் கட்டுங்க." பூசாரி அம்மனைத் திரும்பிப் பார்த்தார். சூடம் நின்று எரிந்தது. சொன்னார். சொல்லிவிட்டுத்தான் கட்டினார். முதல் காப்பு அபியின் கையில் ஏறியது, டிரிப்ஸ் ஏறின அதே கையில்.

ஆகவே ஆத்தாளை நம்புங்கள். காய்ச்சல் கண்டால் வேண்டிக்கொள்ளுங்கள். காய்ச்சல் விட்டாலும் பிள்ளையின் கையைத் தொட்டுப் பாருங்கள். வயிற்றுவலி, வாந்தி, குளிர்ந்த கை, எழுப்பினாலும் எழாத தூக்கம், இதில் எது இருந்தாலும் ஆத்தாளைக் கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு கிளம்புங்கள். அவள் கூட வருவாள்.