சம்பளமில்லாத விளம்பரக்காரன்

விளம்பரத் தொழிலில் சம்பளத்துக்குப் பதிலாக அனுபவம் தருவார்கள். அதைக் கொடுத்தால் எந்தக் கடையிலும் டீ தரமாட்டார்கள். என்னைப் போல இன்டர்னாகச் சேர்ந்து சீரழிந்த சகோதரங்களுக்கு இது தெரியும்.

கரண்ட் ஆபீஸில் ரிட்டையர் ஆனபின், ராஜபாளையத்தில் ஒரு விளம்பர ஸ்டூடியோவில் சேர்ந்தேன். முதலாளி ஜெனிபருக்கு என் பேத்தி வயசு. "மூணு மாசம் சம்பளம் கிடையாது தாத்தா. அதுக்குள்ள நீங்க எழுதுன ஒரு விளம்பரம் வெளிய வந்துட்டா, எழுதுற வேலை உங்களுக்கு" என்றது அந்தப் பிள்ளை. எனக்கோ சின்ன வயசிலிருந்தே எழுத்து ஆசை. தலையாட்டிவிட்டேன்.

பால்கோவா காவல்

முதல் வேலை எழுத்தில்லை, காவல். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடை ஒன்றில் படப்பிடிப்பு. விளக்குக்கு முன்னால் மலை மாதிரி பால்கோவா. ஒவ்வொரு ஷாட்டுக்கும் மலை குறைந்துகொண்டே வந்தது. கோபுரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து, என்னைக் கும்பிட்டு அனுமதி கேட்டு எடுத்துப் போனதை விவரமாகச் சொன்னேன். கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அந்தக் குரங்க மொதல்ல மீசையத் தொடைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

நாய்க்கு வந்த வெட்கம்

பொறவு ஒரு வழியாக எழுதக் கிடைத்தது. நாய்க்குட்டி விற்பவர் ஒருவருக்கு விளம்பரம். 'எங்கள் ராஜபாளையம் நாய் இருமினாலே பிளவக்கல் காட்டுச் சிறுத்தை வீடு மாற்றிவிடும்' என்று எழுதினேன். படமெடுக்க ட்ரோன் மேலே கிளம்பியது. அம்புட்டுதான், நாய் காருக்கு அடியில் புகுந்துகொண்டது. ட்ரோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டும்வரை வெளியே வரவில்லை. விளம்பரமும் வரவில்லை. நாய்க்காரர் என்னிடம் கேட்டார்:

"நீங்க எழுதுனத அது காதுல விழுற மாதிரி வாசிச்சீகளோ? வெக்கப்பட்டு உள்ள போயிருச்சு."

பொய்யில்லாமல் ஒரு வரி

மூன்றாம் மாதம் முடியப்போகிறது. பேண்டேஜ் துணி நெய்யும் முதலாளி ஒருவர் வந்தார். "ஒரு பொய்கூட இருக்கப்படாது" என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பேனா நகரமாட்டேன் என்றது. இது போனால் வேலையும் போச்சு. கடைசியில் எழுதினேன்: 'அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் நாங்கள் இருக்கிறோம்.'

"இப்பிடிச் சொன்னா எவன் வாங்குவான்?" என்று முனகியவர், "ஆனா பொய்யில்ல" என்று ஒத்துக்கொண்டார். டவுன் பஸ்களின் முதுகில் என் வரி ஊர்வலம் போனது. ஜெனிபர் என்னை உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்தது.

"எழுதுற வேலை உங்களுக்குத்தான் தாத்தா. சம்பளத்த மட்டும் இப்ப கேட்டுராதீக."

ஆக, சகோதரங்களே, ராஜபாளையத்தில் கலைத்துறை இன்றைக்குத் தலைநிமிர்ந்து நிற்கிறதென்றால், அது முழுக்க என் பென்ஷனில்தான்.