நான்கு வெட்டும் ஒரு சுவிட்சும்

1978 ஜூலை 16, ஞாயிறு, காலை பத்து இருபது. குற்றாலத்தில் சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. சீசனுக்கு வந்தவர்கள் பார்க்க எங்கள் அறிவியல் மன்றத்தில் பொம்மை மின்சார ரயில் வைத்திருந்தோம். பாதையை வரைந்தவன் நான். ஒயரிங் செய்தவர் கடையத்துக்காரர் சுடலைமுத்து. சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போயிற்று. மூன்று முறை மாற்றினோம், மூன்று முறையும் போயிற்று.

"உம்ம ஒயரிங்தாம்வே கோளாறு," என்றேன்.

"ஒயரு சரியாத்தான் இருக்கு சார்வாள். வண்டி சுத்தித் திரும்பி அதே பாதையில சேருதுல்லா? அங்கன பிளஸ்ஸும் மைனஸும் முட்டுது. நாலு எடத்துல தண்டவாளத்த வெட்டி, அந்தத் துண்டுக்குத் தனி சுவிட்ச் போடணும்."

"எட்டாங்கிளாஸ் தாண்டாத நீரு, கணக்கு வாத்தியாருக்குப் பாடம் எடுக்கீரோ?"

நாற்பது பேர் சிரித்தார்கள். அவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு சாரலில் இறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்தபின் இடப்பக்கத் தண்டவாளத்தை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். வளைவைச் சுற்றித் திரும்பிய விரல், வலப்பக்கத் தண்டவாளத்தில் வந்து நின்றது. அவர் சொன்னபடியே வெட்டி, சுவிட்ச் போட்டேன். மாலையில் ரயில் ஓடியது. எல்லாரும் எனக்குக் கைதட்டினார்கள். நானும் கும்பிட்டு ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்கவென்றே கடையம் போனேன். என்னைக் கண்டதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "வண்டி ஓடுதா சார்வாள்?"

"ஓடுது," என்றேன். மன்னிப்புக் கேட்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இன்று அவர் இல்லை. கேட்க வேண்டிய மன்னிப்பு என்னிடமே இருக்கிறது.

சுவிட்ச் ஆறு ரூபாய், பஸ் போய்வர இரண்டு ரூபாய் நாற்பது. ஆக எனக்கு ஆன செலவு எட்டு ரூபாய் நாற்பது பைசா.