காற்றுக்காகக் கேட்ட ஜெபம்

சபையாரே, இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். கர்த்தர் எனக்குச் செய்ததை நான் மூடி மறைக்க மாட்டேன்.

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அடிவயிற்றில் குடலிறக்கம். துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் வேலை செய்தார். ஒருநாள் சரிந்த குடல் உள்ளே போகவில்லை. வீக்கம் கல்லாக இறுகிவிட்டது, வாந்தி நிற்கவில்லை. கூட்டாளிகள் கைவண்டியில் போட்டு ராயபுரம் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கே அறுத்தார்கள்.

டாக்டர் வெளியே வந்து சொன்னார்: "குடலைக் காப்பாத்திட்டேம்மா. ஆனா அது இன்னும் அசையலை. காத்து பிரியணும். பிரிஞ்சாத்தான் தண்ணியே குடுக்கலாம். பிரியலேன்னா திரும்பவும் திறக்கணும். அதை அவர் உடம்பு தாங்காது."

எனக்கு மூன்று பிள்ளைகள். காலையில் டாக்டர் கேட்பார், சாயங்காலம் நர்ஸ் கேட்பார். காற்று பிரியவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது.

ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தபடியே என் கையைப் பிடித்து, "இந்தா, அங்க போயி இத்தச் சொல்லிக்கினு இருக்காத. மானம் பூடும்" என்றார்.

அதனால், "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னேன். எங்கள் சபைப் போதகர் ஐயர் மழைக்காக ஜெபித்தார், தேசத்துக்காக ஜெபித்தார், கடைசியில் "சகோதரனின் சரீர பலவீனம்" என்று ஒரே வரியில் முடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மானத்தை வைத்துக்கொண்டு மனுஷனை இழக்கவா?

எழுந்து நின்றேன். "ஐயரே, எங்க வூட்டுக்காரருக்குக் காத்து பிரியணும். இல்லேன்னா செத்துப் பூடுவாரு. அதுக்கு ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அந்தக் குடலை இப்போதே அசையப் பண்ணும்" என்று கதறினாரே, அப்படி ஒரு ஜெபத்தை நான் அதுவரை கேட்டதில்லை. சிரித்த பெண்களே அழுதார்கள்.

அங்கிருந்து நேரே வார்டுக்கு ஓடினேன். பக்கத்துக் கட்டிலில் குடல்வால் அறுத்துக்கொண்ட வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை பாய் இருந்தார். "தங்கச்சி, நானும் துஆ கேட்டுகினுதான் கீறேன்" என்றார். அவர் சொல்லி வாயை மூடவில்லை, என் வீட்டுக்காரரிடமிருந்து வந்தது சத்தம். வார்டு முழுக்கக் கேட்டது.

நான் "ஸ்தோத்திரம்" என்று கத்திவிட்டேன். பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிச் சிரித்து, தையல் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியாது. நர்ஸ் தண்ணீரும் கரண்டியுமாக ஓடி வந்தார். அந்த முதல் கரண்டித் தண்ணீர் அவர் தொண்டையில் இறங்கியதைப் பார்த்த சந்தோஷம் இன்றுவரை எனக்குக் குறையவில்லை.

அவர் இப்போது மூட்டை தூக்குவதில்லை, கிடங்கில் காவல் வேலை. ஜெபக்கூட்டத்தில் யாராவது "ஒரு காரியத்துக்காக" என்று இழுத்தால், அவரே எழுந்து, "இன்னா காரியம்னு சொல்லு நைனா. எம் பொஞ்சாதி வெக்கப்பட்டிருந்தா நான் இன்னிக்கி மண்ணுக்குள்ள இருந்துருப்பேன்" என்கிறார்.

பிரியமானவர்களே, நம் உடம்பை உண்டாக்கினவரிடம் நமக்கு என்ன கூச்சம்? வேண்டியதைப் பேர் சொல்லிக் கேளுங்கள்.