அம்மணி தைத்த சிங்கம்

மறைமலை நகரில் கார் சீட்டு தைக்கிற கம்பெனியில் துண்டுத் துணிகளைக் கூட்டி அள்ளுவது அம்மணியின் வேலை. அதில் ஒரு பிடி எடுத்துக்கொள்ள சூப்பர்வைசர் சம்மதித்திருந்தார். அந்தச் சாம்பல் நிறத் துணியில் அவள் பொம்மை தைப்பாள்.

தாம்பரத்தில் அவளும் நானும் ஒரே காம்பவுண்டு. அவள் தைத்த முயலுக்கும் கழுதைக்கும் வித்தியாசம் தெரியாது. அது அவளுக்கே தெரியும், சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் சோற்றை வடித்துவிட்டு ஊசியை எடுத்தால், ஜெபத்தில் உட்கார்ந்தவள் முகம் வந்துவிடும்.

போன வருஷம் ஒரு சிங்கம் தைத்தாள். பைபிளில், குகையில் போட்ட தானியேலைத் தின்னாமல் விட்ட சிங்கமாம். கண்ணுக்கு வைத்த சட்டைப் பித்தான்களில் ஒன்று மேலே, ஒன்று கீழே. அதைப் பிரிட்ஜ் மேல் வைத்து, போகும்போதும் வரும்போதும் தடவிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கோயிலில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு வீட்டுக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். எடுத்தவர் விரும்பினால் பொருளைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பார், அது மறு ஏலம் போகும். நல்ல வழக்கம்தான்.

அந்த வருஷம் அம்மணி கொடுக்க வைத்திருந்த பூசணி அழுகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் ஞானையா சிங்கத்தை எடுத்தார்.

"அது வேணாங்க. அது என்னுது."

"இன்னா, கர்த்தருக்குக் குடுக்கக் கசக்குதா?"

அவள் சிங்கத்தை ஒரு தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

ஏலம் விடுகிறவர் லாசரஸ். சிங்கத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"வண்டலூர் ஜூலேந்து தப்பிச்சி வந்துகீது. அங்க தேடுறதுக்குள்ள யாராவது வாங்கிக்கினு போயிடுங்கப்பா."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஆனால் ஏலம் விறுவிறு என்று ஏறியது. என் பக்கத்தில் இருந்த அம்மணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வால் தைக்கத்தான் ரொம்ப நாள் ஆச்சு என்று என் காதில் சொன்னாள். எழில் என்கிற பையன் ஏலத்தை எடுத்தான். சிங்கத்தை ஒரு முறை முகர்ந்து பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டான். பிறகு மறு ஏலத்துக்குக் கொடுத்துவிட்டான்.

அடுத்தவரும் எடுத்தார், கொடுத்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. யாருக்கும் அது வேண்டாம், சிரிப்புதான் வேண்டும். அம்மணிக்கு அது விளங்கியபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் எழுந்தாள். நூறு ரூபாய் என்றாள். கையிலிருந்தது அவ்வளவுதான்.

"பெத்தவளே கேக்குறா, வுட்டுடாதீங்க" என்றார் லாசரஸ்.

விடவில்லை. அவளுக்குமேல் ஒருவர் கேட்டார், அவருக்குமேல் இன்னொருவர். ஞானையாவும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உட்காரும்படி சைகை காட்டினார்.

அன்றைக்கு அதிகக் காணிக்கை வந்தது அந்தச் சிங்கத்தால்தான். போதகருக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்தப் பொம்மை இனி கோயிலிலேயே இருக்கட்டும், வருஷா வருஷம் ஏலம் விடலாம், இதை ஈந்த சகோதரிக்கு ஸ்தோத்திரம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக அம்மணி விரித்து வைத்திருந்த பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சிங்கம் இப்போது பின்னறையில், பழைய ஜமுக்காளங்களுக்கு நடுவே கிடக்கிறது. கோயிலைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. அன்று சிரித்தவர்களுக்காகவும் ஜெபிக்கிறேன்.

பண்டிகை முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஞானையா வேலைக்குப் போயிருந்த நேரம், அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எப்போதும் திறந்து கிடக்கிற கதவு அது. யார் என்று கேட்டு, என் குரல் தெரிந்த பிறகுதான் திறந்தாள். மடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. நாலு காலா ஐந்து காலா என்று தெரியவில்லை.

"நல்லா கீதுன்னும் சொல்லாதக்கா, நல்லால்லைன்னும் சொல்லாத. தாப்பாளப் போட்டுட்டு உக்காரு."

போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து, ஊசியில் கோத்தாள்.