கொம்பு முறியாத பக்கம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் சிறிய கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவள் சுபோதினி. அந்தத் தொழிலில் இருப்பவர்களெல்லாம் கொண்டாடும் ஒரு மென்பொருளைத்தான் அவளும் பாவித்துவந்தாள். பெட்டிகளை இழுத்து வைத்தால் பக்கம் தயார். ஆங்கிலத்தில் மட்டும் செய்தவரை அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கொச்சிக்கடையில் கல்யாணக் கேக் செய்யும் எவ்லின், தன் கடைக்குத் தமிழிலும் சிங்களத்திலும் பக்கம் கேட்டபோதுதான் வினை வந்தது. 'கொச்சிக்கடை' என்று அடித்தால் 'கொ' உடைந்து ககரம் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினாள். உங்கள் மொழிக்கு இப்போதைக்கு வசதி இல்லை என்று பணிவாகப் பதில் வந்தது. அந்தப் பணிவுதான் அவளைச் சுட்டது.

"பரவாயில்லை மகள், இங்கிலிஷ்லயே போடுங்க," என்றார் எவ்லின்.

"இல்லை அன்ரி. உங்கட ஊர்ப் பேரை உடைச்சுப் போட்டுத் தர எனக்கு ஏலாது."

கணவன் பிரியந்தன், ஒருகொடவத்தையில் வேலை முடிந்து வந்தவன், அவள் இன்னும் திரையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தான். "எல்லாரும் அதைத்தானே பாவிக்கினம். நீ மட்டும் ஏன் சண்டை பிடிக்கிறாய்?"

"எல்லாருக்கும் அது போதும். எனக்குக் காணாது."

வேறொன்றைத் தேடினாள். ஒன்றில் தமிழ் அழகாக விழுந்தது, சிங்களம் சிதைந்தது. இன்னொன்றில் இரண்டும் சரி. ஆனால் எவ்லினின் பழைய போனில் கேக் படங்கள் வருவதற்குள் ஆளே எழுந்து போய்விடுவார். கடைசியில் அகப்பட்டது, தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் இலவச மென்பொருள். அதில் இழுத்து வைக்கப் பெட்டி இல்லை. நிரலைத் தானே எழுத வேண்டும். வர்த்தகப் பிரிவில் படித்த சுபோதினி அதை அடியிலிருந்து கற்றாள். படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின, கேக் விலைப்பட்டியல் காணாமற்போனது. அழுகை வந்த நாளும் உண்டு. மறுநாள் காலை திரும்பவும் உட்கார்ந்தாள்.

பக்கம் முடிந்ததும் நேரே கொச்சிக்கடைக்குப் போனாள். எவ்லினின் போனிலேயே திறந்து நீட்டினாள். அவர் மா ஒட்டிய கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, தமிழ்ப் பக்கத்தை வாய்விட்டு முழுதாக வாசித்தார். ஓரிடத்திலும் தடக்கவில்லை. பிறகு சிங்களப் பக்கத்தைத் தட்டினார். அதுவும் சட்டென்று வந்தது.

"என்ட கடை போர்டுலகூட இவ்வளவு வடிவா இல்லையே!" என்றவர், கேக் எடுக்க வந்து நின்றவர்களிடம் போனைக் காட்டினார். "யார் செஞ்சது தெரியுமா? இந்தா நிக்குது, நம்ம கொட்டாஞ்சேனைப் பிள்ளை!"

சுபோதினிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் தலை குனியவில்லை.

அதுவரை தான் செய்த எந்தத் தளத்திலும் அவள் தன் பெயரைப் போட்டதில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் எவ்லினின் அனுமதியோடு பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'ஆக்கம்: சுபோதினி பிரியந்தன், கொட்டாஞ்சேனை.' பிரியந்தன் எட்டிப் பார்த்து, "எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு," என்றான்.

போட்டாள்.