அந்தோனியார் காலடியில் ஒரு மணிக்கூடு

நண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உன்னைப் படகில் ஏற்றிவிட்டு வந்த எனக்கு வீட்டுக் கதவைத் திறக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. படலையடியில் நிற்கும்போதே போன் அடித்தது. உன்னோடு தொழில் செய்கிற சூசை அண்ணைதான். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவர். "தங்கச்சி, இன்னும் குறிகட்டுவான் துறைக்குப் போய்ச் சேரேல்லை. நடுக்கடலில நிக்கிறம்," என்றார். பிறகு, "திருப்பிக் கொண்டு வரட்டோ?" என்று கேட்டார். கூட்டிக்கொண்டு வரட்டோ என்று கேட்கவில்லை, கொண்டு வரட்டோ என்றார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

என் தம்பி அமலதாசின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக இதை எழுதுகிறேன். அமலதாஸ் என்ற பெயர் ஞானஸ்நானப் புத்தகத்தில்தான் இருக்கிறது. தவழ வேண்டிய வயதில் பக்கவாட்டில் ஊர்ந்தபடியால் நெடுந்தீவு முழுக்க அவனுக்கு நண்டு என்றுதான் பெயர். நாற்பது வயதிலும் சுவாமியார் அவனை அப்படித்தான் கூப்பிட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மலரில் நன்றி மட்டும் எழுதினால் காணும் என்று மகள் சொன்னாள். ஆனால் செத்த வீட்டில் இரண்டு கதை என் காதில் விழுந்தது. குடிவெறியில் கடலுக்குள் சுழியோடினவன் என்று ஒரு கதை. தமக்கையின் வாய்தான் பலித்தது என்று இன்னொரு கதை. இரண்டுக்கும் மறுமொழி என்னிடம்தான் இருக்கிறது.

அவன் கள்ளன் அல்ல. முதலில் இதைச் சொல்லவேண்டும். ஒருமுறை கடலின் அடியில் ஒரு படகு எஞ்சினைக் கண்டான். கயிறு கட்டி மேலே எடுத்து, உப்புக் கழுவி, யாருடையது என்று மூன்று கிழமை விசாரித்தான். அனலைதீவு ஆள் ஒருவர் வந்து அடையாளம் சொன்னபோது தோளில் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய படகில் வைத்தான். "உனக்கு விசரே? கடல் தந்ததைத் திருப்பிக் குடுக்கிறாய்," என்று சூசை அண்ணை ஏசினார். "கடல் தரேல்லை அண்ணை, அந்தாளிட்டைப் பறிச்சது. மற்றவன்ர சாமான் கையில இருந்தால் எனக்குச் சோறு இறங்காது," என்றான்.

அவன் கலியாணம் செய்யவில்லை. என் கணவர் செத்துப்போன நாளிலிருந்து எங்களோடுதான் இருந்தான். கடலட்டை பிடிக்கச் சுழியோடுவதுதான் தொழில். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவான். கடைசி இரண்டு வருஷமாக அவன் உடம்பில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. முழங்கை நோகுது என்பான். சேர்ட் பொத்தானைப் பூட்ட முடியாமல் என்னிடம் வந்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பான். "பால்குடிப் பிள்ளைக்குப் பூட்டிவிடு அக்கா," என்று பகிடி விடுவான். ஒரு ஞாயிறு பூசையில் முழந்தாளில் இருந்தவன் எழும்பவில்லை. நல்ல பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள். கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று என் காதுக்குள் சொன்னான். எண்ணெய் பூசிவிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் றெஜி வந்தார். அவருடைய தகப்பன் எங்கள் ஊரவர், நோர்வேயில் இருக்கிறார். றெஜி அங்கே பிறந்தவர். தகப்பன் குளித்த கடலில் சுழியோட வேண்டும் என்று மனைவியோடு விடுமுறையில் வந்து எங்கள் முன் அறையில் தங்கினார். அவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போனது நண்டு. முதல் நாளே சாப்பிட இருந்தபோது றெஜி அவனிடம் கேட்டார்.

"அண்ணை, எப்ப மேல வரோணும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சிலிண்டர் இழுக்கக் கஷ்டமா வரும். அப்ப வருவன்."

"ஒரு நாளைக்கு எத்தினை சிலிண்டர்?"

"மூண்டு. சில நாள் நாலு."

றெஜி சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்த கையை எடுத்துவிட்டார். ஆழத்தில் இழுக்கும் காற்று உடம்பில் ஊறிவிடும், கெதியாக மேலே வந்தால் சோடாப் போத்தல் திறந்த மாதிரி இரத்தத்துக்குள் குமிழி கிளம்பும், ஒரு நாள் கை போகும், ஒரு நாள் ஆளே போகும் என்று விளங்கப்படுத்தினார். அடுத்த நாள் தன் கையில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றி ஒரு தடவைக்கு மட்டும் நண்டின் கையில் கட்டிவிட்டார். அது நேரம் பார்க்கிற மணிக்கூடு அல்ல. எவ்வளவு ஆழம் என்று சொல்லும். மேலே வரும் வழியில், இந்த இடத்தில் நில், இத்தனை நிமிஷம் நில், இனிப் போ என்று சொல்லும். அன்றைக்கு நண்டு வீட்டுக்கு வந்த வரவைப் பார்க்கவேண்டும். "அக்கா, அது ஆளைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வருது," என்றான்.

சனிக்கிழமை பின்னேரம் நண்டும் றெஜியும் எல்லாச் சாமானையும் நல்ல தண்ணீரில் கழுவி முற்றத்துக் கொடியில் காயப் போட்டார்கள். ஞாயிறு காலை மணிக்கூட்டைக் காணவில்லை.

கிணற்றடி, மாட்டுக் கொட்டில், வைக்கோல் எல்லாம் கிளறினோம். நண்டும் தேடினான். "மாடு விழுங்கியிருக்கும். சாணியைப் பாருங்கோ, நேரம் காட்டும்," என்றான். றெஜியின் மனைவிக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல அந்தப் பிள்ளைகூடச் சிரித்தது. அது இல்லாமல் தான் கடலுக்குள் இறங்க மாட்டேன் என்று றெஜி இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தார். திங்களும் செவ்வாயும் நண்டு தன் தொழிலுக்குப் போய்வந்தான்.

செவ்வாய் மதியம் றெஜி மெதுவாகச் சொன்னார்: "அன்ரி, நான் ஒருத்தரிலயும் பிழை சொல்லேல்லை. ஆனா பொலிஸில ஒரு முறைப்பாடு குடுக்கோணும். அந்தத் துண்டு இல்லாட்டி காப்புறுதிக் கம்பெனி காசு தராது."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. பொலிஸ் வந்தால் முதலில் யாரைக் கேட்கும்? சாமானைக் கழுவினவனை. கொடியில் போட்டவனை. "ஒரு நாள் தாங்கோ தம்பி," என்று கெஞ்சினேன். என் தம்பியை யாரும் கூட்டிக்கொண்டுபோய் விசாரிக்கக்கூடாது என்பது ஒன்றுதான் என் மனதில் நின்றது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு மன்றாட்டு. நீங்கள் கனபேர் அங்கே நின்றீர்கள். மன்றாட்டு முடிந்ததும் நான் கோயில் முற்றத்து மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு சொரூபத்துக்கு முன்னால் போனேன். "பிள்ளை, சாபத்தை இஞ்ச போடாதை," என்று கோயில் மூப்பர் மறித்தார். நான் கேட்கவில்லை. "என்ர வீட்டில கை வைச்சவர் நாளைக்கு விடிய முன்னம் கொண்டுவந்து அந்தோனியார் காலடியில வைக்கோணும். இல்லாட்டி இந்தக் கடல் அவரைக் கேக்கட்டும்," என்று சொல்லி மண்ணைத் தூற்றினேன். காற்றுத் திரும்பி அந்த மண் என் முகத்திலேயே அடித்தது. நண்டு வாசலடியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் சொன்னான்: "அக்கா, அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஏன்ரா? எடுக்காதவனுக்கு என்ன பயம்?"

"கடலுக்குப் போறது நாங்கள் எல்லாரும்தானே," என்றான்.

பிறகு இன்னும் ஏதோ சொல்ல வாய் எடுத்தான். நான் அவனைக் கதைக்க விடவில்லை. நான் கோபத்தில் நடந்தேன். அவன் பின்னால் வந்தான். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் வாளி இரண்டையும் ஒரே தூக்கில் தூக்கி வைத்தான். "கை நோகேல்லையோ?" என்று கேட்டேன். "ரெண்டு நாளா ஒரு நோவும் இல்லை," என்றான். எண்ணெய் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

புதன் காலை மூப்பர் ஓடி வந்தார். மணிக்கூடு அந்தோனியார் காலடியில், ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இருந்தது. நான் அழுதேன், அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன். என் வாய்ச் சொல்லுக்கு அவ்வளவு பலம் என்று பெருமைப்பட்டேன். நண்டு குசினியில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "பாத்தியே, வந்திட்டுது," என்றேன். "ஓம் அக்கா, வந்திட்டுது," என்றான்.

அடுத்த நாள் அவர்கள் வெளிக்கிட்டார்கள். துறையில் நிற்கும்போது றெஜி அவனுடைய தோளைப் பிடித்துச் சொன்னார்: "அண்ணை, கெதியா மேல வராதேங்கோ. இடையில நிண்டு நிண்டு வாங்கோ."

"எவ்வளவு நேரம் நிக்கிறது எண்டு எனக்கு ஆர் சொல்றது?" என்று நண்டு கேட்டான்.

றெஜி தன் கையைப் பார்த்தார். நண்டும் அந்தக் கையைப் பார்த்தான். படகு எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கை நோ திரும்பவும் வந்தது. பொத்தான் பூட்ட என்னிடம் வந்தான். ஆனால் பகிடி விடவில்லை. நானும் கேட்கவில்லை. ஏழு கிழமை இப்படியே போனது. கடைசி நாள் கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது. மூன்றாவது சிலிண்டர் முடிந்து மேலே வந்தவன் படகு விளிம்பில் இருந்து, "சூசை அண்ணை, என்ர கால் எங்க?" என்று கேட்டிருக்கிறான். அவர் பகிடி என்று நினைத்தார். கரையில் நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பை கையிலிருந்து விழுந்தது. அன்றைக்கு அவன் வாயில் பட்டது அந்த ஒரு மிடறு தேத்தண்ணீர்தான். வெறியில் இருந்தவன் என்று கதைத்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து இரண்டாம் நாள் றெஜி நோர்வேயிலிருந்து போன் எடுத்தார். கனநேரம் அழுதார். பிறகு சொன்னார்: "அன்ரி, அந்த மணிக்கூடு தண்ணிக்குள்ள போற ஒவ்வொரு முறையும் தானே பதிஞ்சு வைக்கும். இஞ்ச வந்துதான் பாத்தனான். காணாமல் போன திங்கள் மூண்டு தரம், செவ்வாய் மூண்டு தரம் போயிருக்கு. நான் போகாத ஆழம்." அந்த இரண்டு நாளும் கடலுக்குப் போய்வந்தவன் நண்டுதான். "ஆறு தரமும் அது நிக்கச் சொன்ன இடத்தில நிண்டு, சொன்ன நிமிஷம் முழுக்க நிண்டு வந்திருக்கிறார் அன்ரி. ஒரு பிழை இல்லை. நான்கூட அப்பிடி வாறேல்லை." ஊர் நண்டைக் கள்ளன் என்று சொல்லும் என்ற பயத்தில் சொல்லாமல் இருந்தாராம். புதிது ஒன்று வாங்கி அனுப்ப நினைத்து, நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டாராம்.

அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். களவு என்று சொல்லுகிறவர்கள் சொல்லுங்கள். நான் மறுக்கமாட்டேன். சாபம் பலித்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சொன்னபடி விடிய முன்னம் கொண்டுபோய் வைத்தவனைக் கடல் ஏன் கேட்கவேண்டும்? அவன் எடுத்ததால் சாகவில்லை. திருப்பி வைத்ததால் செத்தான். நான் தூற்றின மண்ணுக்குப் பயந்து வைத்தான்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஆறு தடவைகள்தான். பேராசை பிடித்தவன், உயிரை மதியாதவன் என்று சொன்னார்கள். இருட்டுத் தண்ணீருக்குள், ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னும் மூன்று நிமிஷம், இன்னும் இரண்டு நிமிஷம் என்று பொறுமையாக நின்றவன் என் தம்பி. வீட்டுக்கு உயிரோடு வர ஆசைப்பட்டவன். கண்ணை மூடினால் எனக்கு அவன் அப்படி நிற்பதுதான் தெரிகிறது. அதை நான் வைத்திருப்பேன்.

நண்டு, அந்தப் பின்னேரம் நீ வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் அந்த நிமிஷமே திரும்பிக் கோயிலுக்குப் போயிருப்பேன். அது கடலில் விழுந்துவிட்டது, என் கண்ணால் கண்டேன் என்று றெஜிக்கும் ஊருக்கும் அந்தோனியாருக்கும் சொல்லியிருப்பேன். உன் உயிருக்காக அக்கா ஒரு பொய் சொல்லமாட்டாள் என்றா நினைத்தாய்?