உதாரண வாக்கியம்

ஜவாத் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஜன்னல்வரை போனார். கைபேசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிக்னல் இருக்கிறது. சத்தமும் கூட்டித்தான் வைத்திருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த தாளில் 'ஜன்னல்' என்பதற்கான ஹங்கேரியச் சொல்லும், எதிரே அதன் அரபுச் சொல்லும் இருந்தன. கீழே ஓர் உதாரண வாக்கியம் வேண்டும். எழுதினார்: "அவள் படுக்கைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லை."

எதிர் மேசையிலிருந்து இல்கா அம்மா எட்டிப் பார்த்தார். அகராதியின் தலைமை ஆசிரியர். புதாபெஸ்ட் பிள்ளைகளுக்கு அரபு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர்.

"இது அகராதியா, ஒப்பாரியா ஜவாத்? கதவுக்கு, 'தட்டினோம், யாரும் திறக்கல.' டாக்டருக்கு, 'டாக்டர் இன்னும் வெளிய வரல.' இதைப் படிச்சுட்டு எந்தப் பிள்ளை அரபு கத்துக்க வரும்?"

"வாக்கியத்துல தப்பு இருக்காம்மா?"

"தப்பு இருந்தா அடிச்சுப் போட்டிருப்பேனே! அதானே என் வயித்தெரிச்சல்."

இராக்கின் பாஸ்ராவிலிருந்து பொறியியல் படிக்க வந்தவர் ஜவாத். பாலம் கட்டப்போகிறேன் என்று புறப்பட்ட மனுஷன், இங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, சொல் பைத்தியம் பிடித்து இந்த அறைக்கு வந்து சேர்ந்தார். டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தவரை விடமாட்டார். சந்தையில் ஊறுகாய் விற்கிறவளையும் விடமாட்டார். "இதுக்கு உங்க ஊர்ல என்ன தாயி பேரு?" அவளோ, "வாங்குறதுன்னா வாங்கு, பரீட்சை வைக்காதே" என்பாள். சிரித்துக்கொண்டே ஒரு புட்டி வாங்கிவருவார். தேநீரில் ஏலக்காயும் தட்டிப் போடுவார், இந்த ஊர் வழக்கப்படி எலுமிச்சையும் பிழிவார். இல்கா அம்மா முகத்தைச் சுளிப்பார்.

முன்பெல்லாம் ஜவாத்தின் வாக்கியங்களில் ஒரே சாப்பாடுதான். 'ஆறு' என்றால் ஆற்றில் மீன். 'நெருப்பு' என்றால் அதில் சுடுகிற மீன். 'அக்கா' என்றால் அந்த மீனைப் பங்குபோடுகிறவள். பக்கத்தைத் திருத்துவதற்குள் பசியெடுக்கிறது என்று இல்கா அம்மா அலுத்துக்கொள்வார். அக்கா பத்ரியாவின் இதயம் பழுது என்று தெரிந்ததோடு அந்த அடுப்பு அணைந்துபோயிற்று. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். நேற்று பாஸ்ராவில் அவளுக்கு அறுவை சிகிச்சை. கண் விழித்ததும் கூப்பிடுகிறோம் என்று அவள் மகன் சொன்னான். இதுவரை கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டாலும் எடுப்பாரில்லை.

"வீட்டுக்குப் போங்களேன்."

"அங்க சுவரைத்தான் பாக்கணும். இங்க வேலையாவது ஓடுது."

இல்கா அம்மா எழுந்து வந்தார். ஓர் உப்பு ரொட்டியைத் தட்டில் வைத்து நகர்த்தினார். அப்படியே சிவப்புப் பென்சிலால் ஜன்னல் வாக்கியத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார்: "ஜன்னலைத் திற, அக்காவுக்கு வெயில் வரட்டும்."

ஜவாத் பதறிப்போய்த் தாளைப் பிடுங்கினார். "ஐயோ, வேண்டாம்மா! நல்லதை முந்திக்கிட்டு எழுதினா கண்ணு பட்டுடும்."

"படிச்ச மனுஷன் பேசுற பேச்சா இது?"

"படிச்சதெல்லாம் நேத்தே தீந்துபோச்சு."

அவர் ரப்பரை எடுத்து அந்த வெயிலை அழிக்க ஆரம்பித்தார். சிவப்பு சுலபத்தில் போகவில்லை. தாள் கிழிகிற அளவுக்குத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கைபேசி அலறியது.

ஜவாத்தின் கை எழவில்லை. திரையில் அக்கா மகன் பெயர். "நீங்க எடுங்க" என்றார். "எனக்குத் தைரியமில்ல. எதுவா இருந்தாலும் நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

இல்கா அம்மா எடுத்தார். அரபியில் வணக்கம் சொன்னார். ஜவாத் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் முதலில் திகைத்தது, பிறகு என்னவோபோல் கோணியது. கைபேசியை ஜவாத் பக்கம் நீட்டினார்.

உள்ளேயிருந்து ஒரு குரல், நூலாய் இளைத்து, மூச்சுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. ஆனாலும் அதட்டல் குறையவில்லை. "யாருடி நீ? என் தம்பி போன்... உன் கைக்கு எப்படி வந்துச்சு? அவன்கிட்ட குடு."

அக்கா எதிரே வந்துவிட்டதுபோல் ஜவாத் எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் கையை நீட்டினார்.